தவளை பார்த்த பக்கம்

இது முழுக்க முழுக்க நடந்த கதை. நம் தொழிற்சாலை கேட் மேல் சத்தியம். சத்தியம் செய்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தவளையின் அளவு, மழையின் அளவு, ஆள்களின் கோபத்தின் அளவு, இந்த மூன்றில் மட்டும் என் வாய் கொஞ்சம் தாராளம்.

"தாராளம்னா எவ்வளவு?" கேன்டீன் பெஞ்சிலிருந்து கேட்டார் கிரேன் டிரைவர்.

ஒன்றை ஒன்பதாக்குவேன். இல்லாததை ஒன்றாக்க மாட்டேன். போதுமா? கேளுங்கள்.

நம் கேட் வாட்ச்மேனை எல்லாரும் வாளியண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அந்தப் பெயர் வந்தது தவளையால். இங்கே முன்பு ஒரே குளம்தான். லாரி வர நடுவில் ரோடு போட்டார்கள். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று குளத்துக்குப் பாகப்பிரிவினை ஆகிவிட்டது. தூறல் விழுந்தால் போதும், தவளைகள் ரோட்டில் ஏறிவிடும். ஒவ்வொன்றும் தலையணை சைஸ். சேர்ந்து கத்தினால் ஷிஃப்ட் சங்கு வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தவளை லாரிச் சக்கரத்தில் நசுங்கியதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே வீட்டிலிருந்து நீல வாளியோடு வந்தார். ரோட்டில் தவளையைக் கண்டால் பிடித்துப் போட்டுக்கொள்வார். எந்தக் குளத்திலிருந்து ஏறியதோ, அதே குளத்தில் பத்திரமாக விடுவார்.

"வழி தெரியாம வந்துட்டியா? போ, வீட்டுல தேடுவாங்க."

வருஷக்கணக்காக இதே வேலை. அதற்குப் பிறகு அந்த ரோட்டில் ஒரு தவளைகூடச் செத்ததில்லை. அவர் வாழ்க்கையில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. நிமிர்த்திச் சொல்லவும் செய்தார், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

பிறகுதான் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தவளையைப் பிடித்து, வாய்க்குள் பஞ்சுக் குச்சியால் ஒரு தடவு தடவி, குச்சியைக் குப்பியில் போட்டுக்கொண்டு தவளையை விட்டுவிடுவாள். எச்சிலில் இருக்கிற மரபணுவை வைத்து எது எதற்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்கலாமாம். தவளைகளை எண்ணவும் செய்தாள். அவளுக்குத் தவளை பிடித்துக் கொடுக்க ஓடிய வாளியண்ணன் தன் கல்யாணத்துக்குக்கூட அப்படி ஓடியாடி வேலை பார்த்ததில்லை. அவை மழையில்லாத நாள்கள் என்பதால் வாளி வெளியே வரவில்லை, அந்த ஓட்டத்தில் அதன் கதையைச் சொல்ல அவருக்கு நேரமும் கிடைக்கவில்லை.

பரிசோதனை முடிவுகளோடு அவள் திரும்பி வந்த நாள் கேட் அறைக்குள் நல்ல புழுக்கம்.

"எண்ணிக்கை குறையலண்ணா," என்றாள். "அதை மட்டும் வெச்சுக் கணக்குப் போட்டா ரொம்ப காலம் இருக்கும்னு வருது. மரபணுவையும் சேர்த்தா அப்படி வரல. மேற்குக் குளத்துல எல்லாமே ஒண்ணுக்கொண்ணு நெருங்கின சொந்தம். முட்டை போடுது, பாதி பொரியறதே இல்ல. ஒரு நோய் வந்தா தாங்கற தவளை ஒண்ணுகூடத் தேறாது. இப்படியே போனா, உங்க பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போற வயசுல அங்க சத்தமே இருக்காது."

"கிழக்குல?"

"அங்க பரவாயில்ல, குளம் பெருசு. ஆனா அங்கிருந்து ஒண்ணுகூட மேற்க போய்ச் சேரல. போயிருந்தா குச்சி காட்டிக் கொடுத்திருக்கும். லாரிதான் கொல்லுதுன்னு எழுதலாம்னு இருக்கேன். ஆனா ஒரு செத்த தவளையும் கண்ல படல. நடுரோட்டுல அதுங்களுக்கு என்னதான் ஆகுது?"

வாளி மேசைக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. மேலே அவருடைய மழைக்கோட்டு. அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் பழி லாரி மேல் போய்விடும். லாரிக்கு எவ்வளவோ பழி, அதில் இதுவும் ஒன்று. பேரும் பெருமையும் வாளிக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். ஆனால் மேற்குக் குளம் அடங்கிப் போகும்.

காலால் வாளியை வெளியே தள்ளினார்.

"லாரி இல்லம்மா. நான்தான்."

வாளிக் கதையை முதலிலிருந்து சொன்னார்.

"அதுங்க வழி தெரியாம வரலண்ணா," என்றாள் கடைசியில். "கிளம்பித்தான் வந்துச்சுங்க."

வாளியண்ணன் வாளியின் கைப்பிடியைத் தடவினார். "அப்ப நான் இனிமே அதுங்க பக்கமே போகக் கூடாதா?"

"போகலன்னா நசுங்கிடும். வாளியை விடாதீங்க. மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கோ, அந்தப் பக்கம் கொண்டு போய் விடுங்க."

"பொழச்சுக்குமா?"

"தெரியல. ஒண்ணு ரெண்டு போய்க் குடும்பம் நடத்தினாலே நம்பிக்கை இருக்கு. நான் வருஷா வருஷம் வந்து பாக்கறேன்."

வீட்டில் அவர் மனைவி முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தவளைக்கு இப்பத்தான் விடிஞ்சிருக்கு. நான் எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பினப்பல்லாம் பஸ் ஸ்டாப்புலேருந்து பையைப் பிடுங்கிட்டு வந்தீங்களே, நானும் கிழக்க பாத்துத்தாங்க நின்னேன்."

அடுத்த மழைக்கு ரோட்டில் ஏறிய முதல் தவளை கிழக்கையும் பார்க்கவில்லை, மேற்கையும் பார்க்கவில்லை. நேராக கேட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. வாளியண்ணன் பக்கத்தில் குந்திக்கொண்டார். பின்னால் நாற்பது லாரி நின்றது. சரி, நாலு.

"என்னண்ணே, தவளைகிட்ட அட்ரஸ் கேக்கறீங்களா?" என்று கத்தினார் முதல் லாரி டிரைவர்.

"பொறுப்பா. அது யோசிக்குது."

மழை அவர் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஹாரன்கள் கத்தின. கடைசியில் தவளை ஒரு முறை கண்ணை மூடித் திறந்து, மேற்கே திரும்பியது. அவர் அதை எடுத்து மேற்குக் கரையில் வைத்தார். அது குதித்த சத்தம் கேட்ட பிறகும் அவர் கரையிலிருந்து எழுந்து வரவில்லை.

இந்த வருஷம் அந்தப் பெண் மேற்குக் குளத்துத் தலைப்பிரட்டைகளைப் பரிசோதித்தாள். அதில் ஒன்றின் அப்பன் கிழக்குக் குளத்துக்காரன்.

"பாத்தியா," என்றார் கேன்டீன் பெஞ்சில் கதை கேட்டுக்கொண்டிருந்த வெல்டர், கிரேன் டிரைவரின் தொடையில் தட்டி. அவர் வீடு கிழக்குக் குளத்தை ஒட்டிய தெருவில். "உங்க குளத்தைக் காப்பாத்தினது எங்க தவளை."

மேற்குக் குளத்துத் தெருக்காரரான கிரேன் டிரைவர் டம்ளரை வைத்தார். "காப்பாத்துச்சா? உங்க பக்கம் பொண்ணு கிடைக்காம ஓடி வந்திருக்கு. எங்காளுங்க பெரிய மனசு பண்ணி ஏத்துக்கிட்டாங்க."

"பாதி முட்டை பொரியாத குளத்துக்குப் பேச்சைப் பாரு."

"வீட்டோட மாப்பிள்ளையா வந்ததுக்கு இவ்வளவு திமிரா?"

"யாருய்யா வீட்டோட மாப்பிள்ளை? கூப்பிடு வாளியண்ணனை. எங்க தவளையை எங்களுக்கே திருப்பித் தரச் சொல்றேன்."

"அது திரும்பிப் பாத்தாதானே தருவாரு?"

வெல்டர் பெஞ்சிலிருந்து எழுந்தார். பெஞ்ச் குடை சாய்ந்து, மறுமுனையில் இருந்த நான் தரையில் உட்கார்ந்தேன்.