லீவு முடியும்வரை தீராத புத்தகம்

எங்கள் ஆபீஸில் டிசம்பர் கடைசியில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். யார் பெயர் வருகிறதோ அவருக்குப் பரிசு வாங்கித் தர வேண்டும். தந்தது யார் என்பது கடைசிவரை ரகசியம். ஆனால் என் பெயரை எடுத்த அபிநயா நேராக என் மேஜைக்கே வந்து நின்றுவிட்டாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். ரகசியம் காக்கிற பொறுமையெல்லாம் அவளுக்குக் கிடையாது.

“அக்கா, உங்க பேருதான் எனக்கு வந்துருக்கு. என்ன வேணும்னு சொல்லிருங்க.”

“ஏதாவது புத்தகம் வாங்கிக் குடும்மா.”

“என்ன புக்குக்கா? லிங்க் அனுப்பிருங்க, ஆர்டர் போட்டுர்றேன்.”

சரி என்றேன். சாயங்காலம் தல்லாகுளத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனை எடுத்துத் தேடினேன். எந்தப் புத்தகத்தைத் தொட்டாலும் நாளைக்கே வீட்டு வாசலுக்கு வந்துவிடும் போலிருந்தது. இரண்டு பஸ்ஸை விட்டதுதான் மிச்சம், ஒன்றையும் அனுப்ப முடியவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, ஒரு காலத்தில் பண்டிகை நெருங்கினால் சேலைக்கு முன்னால் புத்தகத்துக்குத்தான் ஏங்குவேன். அந்த ஏக்கம் புரிந்தவள் இந்த மதுரையில் எனக்கு ஒருத்திதான் இருந்தாள். சபீரா.

இதே தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் போகிற ரோட்டில், ஒரு வக்கீல் ஆபீஸில் நாங்கள் இரண்டு பேரும் டைப் அடித்தோம். படிப்பு முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. நான் நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கமிருந்து வருவேன். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தவர்கள். வீட்டில் அச்சடித்த தாள் என்றால் சுவரில் தொங்கும் காலண்டர் மட்டும்தான். நான் கதைப் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தால் அம்மா பக்கத்து வீட்டுக்காரியை அதட்டுவாள். “சத்தம் போடாத, புள்ள பரிச்சைக்குப் படிக்கிது.” வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதையேதான் சொன்னாள். என்ன பரீட்சை என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சபீரா தன் அப்பாவை அத்தா என்பாள். அவருக்குச் சிம்மக்கல்லில் ஏலக்காய், பட்டை, கிராம்பு மொத்த வியாபாரம். கடைக்குப் பின்னால் சந்துக்குள் வீடு. மூட்டைகள் வீட்டு நடைவரை அடுக்கியிருக்கும். அதனால் அவள் கொடுக்கிற புத்தகமெல்லாம் ஏலக்காய் மணக்கும். பஸ்ஸில் பிரித்தால் பக்கத்து சீட்டுக்காரர்கள் என் பையை ஒரு மாதிரி பார்ப்பார்கள், பலகாரத்தை ஒளித்துத் தின்கிறேனோ என்று. அந்த மணத்தில் நான் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுத் திரும்பி நடந்து வந்ததெல்லாம் உண்டு.

அந்த முதல் வருஷத் தீபாவளிக்குப் பெரியம்மா மகளிடம் எனக்குப் புத்தகம் வேண்டும் என்று ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். குங்குமச்சிமிழ் வந்தது. சபீராவுக்கும் அதே கதைதான். பெருநாளுக்குப் பெருநாள் சென்ட் பாட்டில்.

“எங்கிட்ட இருக்குற சென்ட்ட வச்சு ஒரு கல்யாண வீட்டையே மணக்க வச்சிரலாம்” என்றாள். “புக்கு குடுத்தா கௌரவக் கொறச்சல்னு நெனைக்கிறாங்கடி. இனிமே நீ எனக்குக் குடு, நான் உனக்குத் தாரேன். அம்புட்டுத்தான்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவள் எனக்கு, பெருநாளுக்கு நான் அவளுக்கு. என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்கக் கூடாது. நாமாகவே கண்டுபிடிக்க வேண்டும். அவள் விஷயத்தில் அது சுலபம். தடிமனாக இருந்தால் போதும். “லீவு முடியிறவரைக்கும் தீரக் கூடாது. அதுதான் நல்ல புக்கு” என்பாள். நான் அதற்கு நேர் எதிர். புத்தகம் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். யார் செத்தார்கள், யார் சேர்ந்தார்கள் என்று தெரியாமல் எனக்குப் படிக்க ஓடாது. இந்த ஒரு காரியத்துக்காக அவள் என்னோடு இரண்டு நாள் பேசாமல்கூட இருந்திருக்கிறாள்.

அந்த நாளில் டவுனுக்குள் ஒரு சின்னப் புத்தகக் கடை இருந்தது. சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் அங்கே போவோம். அங்கே ஒரு நாவல் இருந்தது. வடக்கே ஏதோ ஓர் ஆற்றங்கரையில் வாழ்ந்த குடும்பத்தின் கதை, மொழிபெயர்ப்பு, செங்கல் மாதிரி தடிமன். சபீரா அதை ஒவ்வொரு தடவையும் எடுத்து மடியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவாள். “இத வாங்கிக் குடுத்துறாத. பெரிய லீவு ஒண்ணு வரும்ல, அப்பக் குடு” என்பாள். வக்கீல் ஆபீஸில் ஏது பெரிய லீவு?

அடுத்த வருஷம் அவளுக்கு முகம் வீங்க ஆரம்பித்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் கால் வீங்குகிறது என்று அவளே ஒரு காரணமும் வைத்திருந்தாள். டாக்டரிடம் போனபோது இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். மாற்றி வைக்கலாம் என்றார்கள், அவள் அம்மாவுடையது பொருந்தவில்லை. வாரம் தவறாமல் டயாலிசிஸ் என்று ஆனது. வேலையை விட்டாள்.

அந்த வருஷம் அவளால் நோன்பு வைக்க முடியவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய வருத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தபோது, கேட்கக் கூடாது என்ற விதியை மீறி நான் கேட்டுவிட்டேன்.

“பெருநாளுக்கு என்னடி புக்கு வேணும்?”

தலையணையை நிமிர்த்திச் சாய்ந்துகொண்டாள்.

“சின்ன புக்கா வாங்கு.”

“எம்புட்டுச் சின்னது?”

“ஒரு நாள்ல முடிக்கிற மாதிரி.”

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். மறுநாள் அந்தக் கடைக்குப் போய் ஆற்றங்கரைப் புத்தகத்தை வாங்கிவிட்டேன்.

பெருநாளன்று புதுச் சுடிதார் போட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். காகிதத்தைப் பிரித்தவள் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“கிறுக்கு. இத நான் எப்பப் படிச்சு முடிக்கிறது?”

“நான் படிக்கிறேன். நீ கேளு.”

டயாலிசிஸ் நடக்கிற இடத்தில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாசித்தேன். வக்கீல் ஐயா எதுவும் கேட்காமல் பர்மிஷன் கொடுத்தார். முதலில் மெதுவாகத்தான் வாசித்தேன். பக்கத்துக் கட்டிலில் திருமங்கலத்துப் பெரியவர் ஒருவர் உண்டு. ஒருநாள் அவர், “கொஞ்சம் ஒரக்கப் படி தாயி, காது மந்தம்” என்றார். அடுத்த வாரம் நான் பையை வைப்பதற்குள், “அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் முடிவாச்சா?” என்று கேட்டார். கதாநாயகியைத்தான். நர்சம்மாவும் ஊசியோடு வந்தவர் ஒரு பக்கம் கேட்டுவிட்டுத்தான் போவார். சபீரா கண்ணை மூடியிருப்பாள். தூங்கிவிட்டாள் என்று நிறுத்தினால், “ம், சொல்லு” என்பாள்.

ஒருநாள் பாதி வாசிக்கும்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“கடைசியில என்ன ஆகுது? நீதான் பாத்துருப்பியே.”

என் வாழ்க்கையில் நான் கடைசிப் பக்கம் பார்க்காத ஒரே புத்தகம் அது. “பாக்கலடி” என்றேன்.

“பாரு. பாத்துச் சொல்லு.”

கடைசிப் பக்கத்தைத் திருப்பி வாசித்தேன். அந்தக் கல்யாணப் பெண் கிழவியாகி, ஆற்றங்கரை வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளைகள் பசிக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அதோடு கதை முடிந்தது.

“எல்லாரும் வீட்ல இருக்காங்க, சாப்பாட்டுக்கு உக்காந்துருக்காங்க” என்றேன்.

“அப்பச் சரி” என்றாள். “இப்ப விட்ட எடத்துலேருந்து படி.”

ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் போய்விட்டாள். காலையில் ஆபீஸுக்குப் போன் வந்தது. போய் அவள் முகத்தைப் பார்த்தேன், வீக்கம் வடிந்து பழைய முகமாக இருந்தது. ஆண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு சந்து முனையைத் தாண்டிப் போனார்கள். பெண்கள் வாசலோடு நின்றோம். அவர்கள் குடும்பத்தில் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போகும் வழக்கமில்லை. சில நாள் கழித்துப் போனபோது அவள் அம்மா புத்தகத்தை எடுத்து வந்தார். அடையாளத் தாள் நடுவில் இருந்தது. எனக்குத் தரத்தான் எடுத்தார் போலிருக்கிறது. நான் கை நீட்டியதும், “வேணாம்மா, இங்கயே இருக்கட்டும். அவ பாதியில வச்சிருக்கா” என்று திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

அதன் பிறகும் ஒவ்வொரு பெருநாளும் போனேன். அவள் அம்மா பிரியாணி வைத்து எதிரே உட்கார்ந்துகொள்வார். சபீராவைப் பற்றி அதிகம் பேச மாட்டோம். அத்தா இறந்த பிறகு, சபீராவின் தம்பியோடு அவள் அம்மா கோயம்புத்தூர் போனார். போன் நம்பர் மாறியது. எனக்கும் கல்யாணம், குழந்தை என்று வருஷங்கள் ஓடிவிட்டன.

அபிநயாவுக்கு லிங்க் அனுப்ப முடியாமலே, போன ஞாயிற்றுக்கிழமை சிம்மக்கல்லில் இறங்கிச் சந்துக்குள் போனேன். ஏலக்காய்க் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். பின்னாலிருந்த வீட்டை இடித்து லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். வாசலில் நின்றுகொண்டிருந்தவர், “யாரத் தேடுறீங்க? ரூம் வேணுமா?” என்றார்.

“இங்க ஒரு வீடு இருந்துச்சு.”

“எந்த வீடும்மா? நான் வந்ததுலேருந்து லாட்ஜுதான்.”

சரி என்று திரும்பி நடந்தேன். அவள் படுத்திருக்கும் இடத்துக்கு நான் போனதில்லை. அந்த வாசலில் போய் நிற்பதுதான் அவளைப் பார்க்கப் போவதாக இருந்தது எனக்கு. இனி மதுரையில் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை.