இரண்டாவது பாம்பு

பாம்பு வளர்த்தேன் என்றால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். ஆனால் வளர்த்தேன். எண்பதுகளின் கடைசியில், அகதிகளாக வந்து டூட்டிங்கில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்திருந்த காலம் அது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வீடு மாறும்போது தன் கிங்ஸ்நேக் பாம்பை என்னிடம் தந்தார். அதற்கு விஷம் இல்லை. மேலேயிருந்து பிடித்தால் வாலைப் படபடவென்று அடிக்கும். அடியில் கை கொடுத்துத் தூக்கினால் மணிக்கட்டில் சாதுவாகச் சுற்றிக்கொள்ளும். தனியாகத்தான் வைக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார்.

"தனிய இருந்தா அதுக்கும் விசர் பிடிக்குமடா," என்றான் அறைத் தோழன் சிவா.

எனக்கும் அப்படித்தான் பட்டது. தனிமை வெள்ளைக்காரரின் பழக்கம் என்று நினைத்து, அதே இனத்தில் சின்னதொன்றை வாங்கி வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டேன்.

வேலை முடிந்து வந்து பார்த்தபோது, பெரியதன் வாய்க்கு வெளியே சின்னதன் வால் மட்டும் தெரிந்தது.

"தன்ர இனத்தையே தின்னுதடா!" என்று சிவா கத்தினான்.

ஊரில் என் அண்ணையைச் சுட்டுக் கொன்றது ஆமிக்காரன் இல்லை. வேறு தமிழ் இயக்கத்துக்குப் போன, அவருடைய வகுப்புத் தோழன்.

சில நாள் கழித்துப் பாம்பைத் தூக்கினேன். வழக்கம்போலச் சாதுவாக மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. அந்தத் தோழனும் எங்கள் வீட்டில் அப்படித்தான், தலை குனிந்து, அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போவான்.