காரணமில்லாத எஃப்

"நடுவில் இருக்கும் எஃப் ஒவ்வொரு முறையும் காரணமில்லாமல் ஓங்கி ஒலிக்கிறது." பியானோ டிப்ளோமா தேர்வில் நான் தோற்றபோது தேர்வாளர் எழுதி அனுப்பிய குறிப்பில் இந்த ஒரு வரிதான் எனக்கு விளங்கவில்லை. மற்றவை விளங்கின. வேகமான பகுதியில் தறிகெட்டு ஓடினேன், ஒப்புக்கொள்கிறேன். பெடலை விடாமல் மிதித்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எஃப்? எண்பத்தெட்டுக் கட்டைகளில் ஒரே ஒரு கட்டையோடு எனக்கு என்ன பகை?

மின்னஞ்சலை மூடிவிட்டு நேராகப் பியானோவிடம் போனேன். சி என்பதை ச என்று வைத்துக்கொண்டால் எஃப் என்பது ம. ச, ரி, க, ம, ப என்று ஏறினேன், இறங்கினேன். எல்லாம் ஒரே அளவில்தான் கேட்டன. கைப்பேசியில் பதிவு செய்து கேட்டேன். அப்போதும் அப்படித்தான். சந்தேகம் தீராமல் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"இதுல எந்தச் சத்தமாச்சும் தனியா கேக்குதாப்பா?"

"நல்லாத்தானே இருக்கு," என்றார். "சரி, எப்ப வேலைக்குத் திரும்பப் போற?"

அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தேன். விட்டுவிட்டேன். கோலாலம்பூரில் ஒரு இசைக் கல்லூரி, டிப்ளோமாவோடு வந்தால் வாசிப்புப் பிரிவில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அப்பா ஒரு வருடம் கொடுத்தார். அந்த ஒரு வருடத்தில் இரண்டு தேர்வுகள். ஒன்று போய்விட்டது. இன்னொன்றும் போனால் மறுபடியும் நீலச் சட்டை, பாதுகாப்புச் சப்பாத்து, காலை ஏழு மணி பஸ். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் அங்கே விரல்கள் சும்மா இருப்பதில்லை. மேசை, கைப்பிடி, சாப்பாட்டுத் தட்டு, எதைக் கண்டாலும் வாசித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வாரம் முழுக்க யோசித்தேன். தேர்வு நடந்த ஆயர் குரோ மண்டபத்துப் பியானோதான் கெட்டுப்போனதோ? அன்று அங்கே உட்கார்ந்தபோது அவ்வளவு இலேசாக இருந்ததே, கெட்ட பியானோ அப்படியா இருக்கும்? தேர்வாளருக்குத்தான் காது சரியில்லையோ? என் ஆசிரியை மூன்று வருடங்களுக்கு முன்பே ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டார், பாடமெல்லாம் வீடியோவில்தான். அவரிடம் கேட்டேன். "இந்தக் கைப்பேசியில் எல்லாமே தகரம் தட்டுகிற மாதிரிதான் எனக்குக் கேட்கிறது," என்று வருத்தப்பட்டார். அதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்?

வீட்டில் சிலருக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துவந்தேன். அவர்களில் மூத்தவர் ஒரு அன்ட்டி. ஓய்வுபெற்ற தாதி, யாழ்ப்பாணத்துக் குடும்பம், தெங்கேராவில் வீடு. அறுபத்தாறு வயதில் பியானோ படிக்கக் கிளம்பியவர். என்னை "மாஸ்டர்" என்று கூப்பிடுவார். அந்த மரியாதைக்குள் எப்போதும் கொஞ்சம் கிண்டல் இருக்கும். புதன்கிழமை பிற்பகலில் வந்தவர், புத்தகத்தைத் திறக்காமலே சண்டைக்கு வந்தார்.

"மாஸ்டர், நான் வாங்கின எலக்ட்ரிக் பியானோ சரியில்லை. ஒரு கட்டை மட்டும் கத்துது. கடைக்காரனை ரெண்டு தரம் கூப்பிட்டனான். அவன் வந்து தட்டிப் பார்த்திட்டு, ஒரு குறையும் இல்லை அன்ட்டி எண்டு போறான். எனக்கு விசர் எண்டு நினைக்கிறான் போல."

"எந்தக் கட்டை அன்ட்டி?"

எழுந்து வந்து என் பியானோவில் விரலை வைத்துக் காட்டினார். நடுவில் இருக்கும் எஃப்.

பாடத்தை அப்படியே விட்டுவிட்டு அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு தெங்கேராவுக்கு ஓட்டினேன். வீடு சாலையை ஒட்டியது. லாரி போனால் மேசையில் தேநீர் அதிரும். ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். எஃப் கத்தியது. தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு நான் வாசித்தேன்.

எஃப் கத்தியது.

"பார்த்தீரா!" என்று அன்ட்டி கைதட்டினார். "உமக்கும் கத்துது! இனி அந்தக் கடைக்காரனை நான் விடமாட்டன்."

"கடைக்காரர் தட்டினப்ப கத்துச்சா?"

யோசித்தார். "இல்லை," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஊசி போடப்போகும் நோயாளியைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. "தம்பி, நீரும் நானும் ஒரே பியானோவிலதானே படிக்கிறம்?"

வீட்டுக்கு வந்ததும் பியானோவின் முன்பலகையைக் கழற்றி, டார்ச் விளக்கை அடித்து, ஒவ்வொரு கட்டையாக மெல்ல அழுத்தினேன். எஃப் மட்டும் வேண்டாவெறுப்பாக இறங்கியது, சோம்பலாக ஏறியது. உள்ளே கம்பளித் துணி ஈரத்தில் ஊதிக் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நம் ஊர்ப் புழுக்கத்துக்காகப் பியானோவுக்குள் ஒரு சூட்டுக் கம்பி வைப்பார்கள். இருபத்து நாலு மணி நேரமும் எரிய வேண்டும். தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

"அம்மா, இந்தச் சுவிச்ச யாரு அடைச்சது?"

"நாந்தான். பியானோக்குள்ள என்னமோ சும்மா சூடாகிட்டே கெடக்கு. நெருப்புப் புடிச்சா யாருலா பாக்குறது? நீ வெளிய போனதும் அடைச்சிடுவேன், வர்ற நேரத்துல தட்டி விட்டுருவேன்."

"எப்பருந்து?"

"நீ யூனியில படிக்கிறப்பவே. ஏன், பாட்டு வரலியா?"

பாட்டு வந்துகொண்டுதான் இருந்தது. அதுதான் விஷயம். கட்டை மெல்ல மெல்ல இறுக, என் விரல் மெல்ல மெல்ல ஓங்க, இரண்டும் சரிக்குச் சரியாகி, எனக்கு எதுவுமே தெரியாமல் போயிருக்கிறது. போதாக்குறைக்கு அன்ட்டிக்கும் பழக்கிவிட்டிருக்கிறேன்.

பியானோ பழுது பார்க்கும் சீன அங்கிள் வந்து அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார். எத்தனை வருடம் இப்படியே வாசித்தாய் என்று மலாயில் கேட்டார். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன். அவர் போனதும் உட்கார்ந்து வாசித்தேன். என் வீட்டிலேயே எஃப் கத்தியது.

குழப்பம் இங்கேதான் ஆரம்பித்தது. தேர்வுக்கு எடுத்திருந்த மெதுவான இசைத்துண்டு ஒன்றில், இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு தனி மெட்டு, யாரோ பாடும் குரல் போல, எட்டிப் பார்த்துவிட்டு மறையும். அதற்காகத்தான் அந்தத் துண்டையே தேர்ந்தெடுத்தேன். அந்தக் குரல் எஃப்பில் நிற்கும். அதை நான் ரசித்தேனா, அல்லது ஓங்கி அடித்துப் பழகிய விரலுக்கு அங்கே ஒரு வேலை கிடைத்தது என்று சந்தோஷமா? என் வாசிப்பில் எது நான், எது அந்த ஊதிப்போன கம்பளி? கேட்பதற்கும் ஆள் இல்லை. கேட்டாலும் என்னவென்று கேட்பது?

எஃப்பைக் கண்டாலே விரலை அடக்கினேன். மூன்று வாரம் கழித்து அன்ட்டிக்கு வாசித்துக் காட்டினேன்.

"இப்ப கத்தேல்லை," என்றார். "ஆனா, பல்லு விழுந்த இடம் மாதிரி ஓட்டையா இருக்கு, மாஸ்டர்."

மறுபடியும் கொஞ்சம் கூட்டினேன். குறைத்தேன். அம்மா சமையலறையிலிருந்து, "அந்த ஒண்ணையே எத்தன தடவலா தட்டுவ?" என்று கத்தினார். சுவிச்சை மட்டும் அதற்குப் பிறகு அவர் தொடவே இல்லை. அதன் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி மஞ்சள் பொட்டு வைத்துவிட்டார்.

இரண்டாவது தேர்வு அதே மண்டபத்தில், அதே கறுப்புப் பியானோவில் நடந்தது. வேறு தேர்வாளர், ஒரு பெண்மணி. வேகமான பகுதியில் ஓடவில்லை. மெதுவான துண்டில் எல்லா எஃப்பும் ஒழுங்காகத்தான் போயின, ஒன்றைத் தவிர. இரண்டாம் பக்கத்தில், அந்த நடுக்குரல் நிற்கும் இடத்தில், என் விரல் பழையபடி ஓங்கி இறங்கியது. வேண்டுமென்று செய்தேனா, தவறிவிட்டதா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

தேறிவிட்டேன். கல்லூரியிலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "சரி, போ," என்றார். தேர்வாளர் குறிப்பின் கடைசியில் இப்படி இருந்தது: "இரண்டாம் பக்கத்தில் அந்த எஃப்பை ஓங்கிச் சொன்னது துணிச்சல். அது ஏன் என்று எனக்குப் புரிந்தது."

அவருக்குப் புரிந்திருக்கிறது.

கிளம்புவதற்கு முந்திய புதன்கிழமை அன்ட்டி கடைசிப் பாடத்துக்கு வந்தார். அவருடைய சின்னத் துண்டிலும் ஒரு எஃப் நடுவில் வந்து நிற்கிறது. விரலைக் கட்டையின் மேல் வைத்தபடியே கேட்டார்: "இதில ஓங்கவா, விடவா?"

"ரெண்டு மாதிரியும் வாசிங்க அன்ட்டி."

வாசித்தார். இரண்டுமே எனக்குச் சரியாகப் பட்டன.

"மாஸ்டர், ஏதாவது ஒண்டைச் சொல்லும். எனக்கும் சோதனை வருது."

"ஓங்குங்க," என்றேன்.

"காரணம்?"

கோலாலம்பூர் போய்த் தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்றேன். அன்ட்டி பென்சிலை எடுத்து அந்த எஃப்பைச் சுற்றி வட்டம் போட்டார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தார். பிறகு முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.