ஐந்தாவது பிரதி

அருமனையில் வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினியைப் பார்த்துக்கொள்கிறேன். அதில் வாடிக்கையாளர் கோப்புக்கு ஐந்து பிரதிகள்தான் இருக்கும். புதியது வந்தால் மிகப் பழையது தானாக அழிந்துவிடும்.

அன்று காலை, முட்டத்திலிருந்து என்னோடு வேலைபார்க்கும் நண்பன் ஓட்டிய நிரல் வெற்றுக் கோப்பைப் புதிய பிரதியாக உண்டாக்கியது. அவனுக்கு எங்கே பொறுமை? திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறான்.

எல்லாப் பிரதிகளையும் வரிசையாகத் திறந்து பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். முதல் பிரதி வெறுமை. இரண்டாவதும் அப்படியே. மூன்றும் நான்கும்கூட. மிகப் பழையதான ஐந்தாவதில் மட்டும் ஆட்களின் பெயர்கள் இருந்தன. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. போனை எடுத்தேன்.

"ஏலே, இனி ஓட்டாத!"

"பயப்படாத மக்கா, இப்பத்தான் இன்னும் ஒருக்கா ஓட்டிட்டேன்."

ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டிப் பார்க்க எனக்குக் கை வரவில்லை.