இன்னும் முழுகல

என் வாய் சும்மா இருந்திருந்தால் அந்த வம்பே வந்திருக்காது.

செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. அன்று விடியும்போதே கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப்புறம் நின்று, "இன்னா, கோயிலுக்கு வரலியா?" என்றார். "இன்னும் முழுகலக்கா" என்றேன். குளிக்கவில்லை என்றுதான் சொன்னேன்.

முழுகாமல் இருக்கிறாள் என்றால் எங்கள் பக்கம் கர்ப்பம் என்று அர்த்தம். இரண்டு பேத்திகளுக்குப் பிறகு பேரனுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த என் மாமியாருக்கு அது போதும். நான் எந்த மாதம் எப்போது தலைக்கு ஊற்றுகிறேன் என்பது அவருக்கு அத்துப்படி. அந்த மாதம் தள்ளிப்போயும் இருந்தது, என் கெட்ட நேரம். மத்தியானத்துக்குள் தெருவுக்கே மைசூர்பாகு போய்விட்டது.

"தண்ணி வரலன்னுதான் அத்த சொன்னேன்."

"வெக்கத்தப் பாரு" என்று என் கன்னத்தை வழித்தார்.

இரண்டு பிரசவத்திலும் ரத்தம் நிற்காமல் செத்துப் பிழைத்தவள் நான். இன்னொன்று வேண்டவே வேண்டாம், உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா. கணவரிடம் சொன்னேன். "அவங்க அப்டித்தான் பயமுறுத்துவாங்க" என்றார். அதனால்தான் சின்னவளுக்குத் தடுப்பூசி போடப் போன அன்று, அவர் வண்டியோடு வெளியே நிற்கும்போதே, உள்ளே கருத்தடைக்குக் காப்பர்-டி போட்டுக்கொண்டேன். தெரிந்தால் எடுக்க வைத்துவிடுவார்கள் என்ற பயத்தோடுதான் தினமும் தூங்கினேன்.

மைசூர்பாகு போன நாளிலிருந்து என்னைக் குடம் தூக்க விடவில்லை. பாலில் குங்குமப்பூ. வாசல் தாண்டினால் "எங்க போற?" பெரியவள் என் வயிற்றைத் தடவி, "தம்பி தூங்குதாம்மா?" என்றாள். அவளை அடிக்கக் கை வந்துவிட்டது. விலக்காகிவிட வேண்டும் என்று ஊரில் உள்ள சாமியை எல்லாம் கும்பிட்டேன். ஆகவில்லை.

ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனார்கள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். "பயப்படாத, நான் இருக்கேன்ல." அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் என்னிடம் அவ்வளவு பிரியமாகப் பேசியதில்லை. எனக்கு அழுகை வந்தது.

டாக்டர் திரையைப் பார்த்தார். "கரு எதுவும் இல்லைங்களே. காப்பர்-டி அதே எடத்துல சரியா இருக்குது."

மாமியார் என்னைத் திட்டவில்லை. கையையும் விடவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே டாக்டரிடம் கேட்டார்.

"அத இன்னிக்கே எடுத்துடலாங்களா?"