மாமாவின் வேப்பிலை

விற்கப் போகிறவர்கள் விலை ஏறவேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். ஆம்பூரில் வேலூர் பஸ் ஏறிய விஜயகுமாரி, விலை அடிமட்டத்துக்குப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

பொருள், அவளுடைய தாய்மாமன் ராமலிங்கம் விட்டுப்போன ரிவால்வர். பிள்ளை இல்லாத மனிதர்; அத்தையும் அவருக்கு முன்பே போய்விட்டாள். தாயை இழந்த அக்கா மகளைத் தோளில் தூக்கிவந்து, பத்தாவது வரை படிக்கவைத்து, ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்த்துவிட்டு, கல்யாணமும் செய்துவைத்தவர். தோல் பதனிடும் டேனரியின் சம்பளப் பணத்துக்குக் காவலாகப் போய்வந்த காலத்தில் சொந்த லைசென்ஸில் வாங்கிய ரிவால்வர் அது. மாமா கண்ணை மூடியதும் போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்லி, வேலூரில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் அப்துல் கஃபாரிடம் அதை ஒப்படைத்தார்கள். இனி வாரிசு என்ற முறையில் அவள் தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். வேண்டாம் என்றால் கடைக்கே கொடுத்துவிடலாம்.

மாமாவின் கை பட்ட பொருள் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்பது அவள் ஆசை. அவள் கணவன் முனிரத்தினத்துக்கோ அது லட்சம் லட்சமாகத் தெரிந்தது. ஒருவழியாக ஒப்பந்தம் ஆயிற்று. நல்ல விலை வந்தால் விற்பது, வராவிட்டால் அவள் வைத்துக்கொள்வது.

கஃபார் பாய் பச்சைத் துணியை விரித்து, தோலுறையோடு ரிவால்வரைக் கொண்டுவந்து வைத்தார்.

“இது இன்னா துப்பாக்கின்னு தெரியுமாம்மா?”

“வேப்பிலை” என்றாள் விஜயகுமாரி.

வீட்டில் அதற்கு அதுதான் பெயர். பணப்பையோடு கிளம்பும்போது மாமா, “வேப்பிலைய எடும்மா” என்பார். கெட்டது அண்டாமல் காப்பதால் அந்தப் பெயர் என்று தெருவே நம்பியது. ஆடி மாதம் வந்தால் அத்தை அது இருந்த பெட்டிக்குள் நிஜ வேப்பிலைக் கொத்தையே செருகிவைப்பாள்.

கஃபார் பாய்க்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. ரிவால்வரை உருவி, மேல்பக்கத்தில் தேய்ந்துபோன எழுத்தைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். “வெப்ளிம்மா, வெப்ளி! இங்கிலாந்து கம்பெனி பேரு. உங்க மாமா வாயில பூந்து வேப்பிலையா வெளிய வந்துருக்குது.”

“வெள்ளக்காரன் சரக்கு! நான் சொல்லல?” என்று முனிரத்தினம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். விஜயகுமாரி, விலை இறங்கட்டும் என்று மறுபடியும் வேண்டிக்கொண்டாள்.

பாய் ஒரு நெம்புகோலை அழுத்தினார். ரிவால்வர் இடுப்பு ஒடிந்ததுபோல் மடிந்து, குண்டு போடும் ஆறு குழிகளையும் காட்டியது. எல்லாம் காலி. குழாயை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பக்கவாட்டில் கட்டைவிரலால் தடவினார். முகம் மாறியது.

“மாடல் நல்ல மாடல்தான். ஆனா உடம்பப் பாருங்க.”

இரும்பெல்லாம் புள்ளி புள்ளியாக அரித்து, அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல இருந்தது.

“வேப்பிலைக்கே அம்மை போட்டிருக்குதே!” என்றான் முனிரத்தினம். சொன்ன பிறகுதான் நஷ்டம் உறைத்தது. “விலை ரொம்ப கம்மியாவுமா பாய்?”

“நீங்க நெனச்சதுல கால்வாசிகூடத் தேறாது. எல்லாம் இந்த உறையால வந்த பேஜார். தோல் ஈரத்த இழுத்து வச்சிக்கும். அதுல இருக்குற உப்பும் மருந்தும் இரும்பத் தின்னுடும். தோலுறை வெளிய போறப்ப மாட்டிக்கத்தான். உள்ளயே போட்டு வைக்கக் கூடாது.”

விஜயகுமாரி உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் சேர்ந்த புதிதில், வெட்டிப் போட்ட துண்டுத் தோலைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, தானே அளவெடுத்து இரட்டைத் தையல் போட்டு, பொங்கலுக்கு மாமாவிடம் கொடுத்தது. தோல் ஊரில் பிறந்தவளுக்குத் தோலைவிடப் பத்திரமான இடம் வேறு தோன்றவில்லை.

“மாமாவுக்கு இது தெரியாதா பாய்?” குரல் இறங்கிவிட்டது.

“தெரியாமயா? சர்வீசுக்கு எடுத்துட்டு வர்றப்பல்லாம் சொல்லுவேன். எண்ணெய்த் துணியில சுத்தி வைங்க, உறையத் தூக்கிப் போடுங்கன்னு. மனுஷன் இன்னா சொல்வாரு தெரியுமா? ‘பாய், துப்பாக்கிய எவனோ வெள்ளக்காரன் செஞ்சான். உறைய எம் பொண்ணு செஞ்சுது. எது வீணாப் போனா எனக்கு நஷ்டம், நீயே சொல்லு’ன்னு திரும்ப அதுலயே சொருவிக்கினு போவாரு.”

முனிரத்தினம் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். “சரி குமாரி, பேசின பேச்சுதான். நீயே வச்சிக்க. லைசென்ஸுக்கு எழுதிப் போடலாம்.”

வேண்டிக்கொண்டது அப்படியே பலித்திருந்தது. ஆனால் அவள் கை ரிவால்வர் பக்கம் போகவில்லை. காலியாகக் கிடந்த உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“துப்பாக்கிய நீங்களே எடுத்துக்குங்க பாய். வர்றத இவரு கையில குடுங்க. இதுக்கு லைசென்ஸ் வேணாம்தானே?”

“இதுக்கா? இதுக்கு எந்தக் கலெக்டரும்மா லைசென்ஸ் குடுக்கறது!” என்றார் பாய்.

திரும்பும் பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும்வரை அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி வந்தாள். பிறகு அடி ஓரத்தில் ஓர் இடத்தை நகத்தால் தொட்டுக் கணவனிடம் காட்டினாள்.

“இங்க பாரேன், ஒரு தையல் தாண்டியிருக்குது. எங்க கம்பெனி லைன்ல மட்டும் வந்திருந்தா அப்பவே ரிஜெக்ட் பண்ணியிருப்பாங்க.”

முனிரத்தினம் குனிந்து பார்த்தான்.

“உங்க மாமா பாஸ் பண்ணிட்டாரே” என்றான்.