சாலோமி வாங்காத இடதுகை டீ

சேரன்மாதேவி பஸ் ஸ்டாண்டுல நான் டீ ஆத்துனா, மேல உள்ள குவளைக்கும் கீழ உள்ள கிளாசுக்கும் நடுவுல ஒரு பஸ்ஸே போயிரும். நம்பலைன்னா மினி பஸ்ஸுன்னு வச்சுக்கிடுங்க.

தொண்ணூத்தாறுல சைக்கிள்ல இருந்து விழுந்து அந்த வலது கை ஒடிஞ்சு போச்சு. எலும்பு கூடி, கட்டப் பிரிச்ச பெறவும் எம் பொண்டாட்டி அன்னத்தாய் விடல. அசைச்சா மறுபடி ஒடிஞ்சிரும்னு பழைய சேலையக் கிழிச்சு கைய நெஞ்சோட கட்டிட்டா. சோறு ஊட்டி விட்டா, தல சீவி விட்டா. நானும் ஜமீன் கணக்கா இருந்தேன். கடைசில அவுத்துப் பாத்தா, முட்டி நீள மாட்டேங்கு, தோளு ஏற மாட்டேங்கு.

சரின்னு இடது கையால ஆத்தி, இடது கையாலயே நீட்டுனேன். எவன் வாங்குவான்? காலங்காத்தால இதென்னவே வழக்கம்னு எதுத்த கடைக்குப் போயிட்டாவ. மொதலாளி சம்பந்தம் அண்ணாச்சி நல்ல மனுசன்தான். ஆனா தை பொறந்தா நாங்குநேரில இருந்து வேற மாஸ்டர் வாரான்னு சொல்லிட்டாவ.

அப்பதான் சாலோமி டாக்டரம்மா டீ கேட்டாவ. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பிசியோதெரபி ரூம்பு வச்சிருந்தாவ. நோவுக்குக் கரண்டு வைக்கதால ஊருல கரண்டு டாக்டரம்மான்னுதான் சொல்லுவோம். நீட்டுன கிளாச வாங்கல.

"வலது கையில குடுங்கண்ணே."

"அது லீவுல இருக்கு தாயி."

"லீவு முடிஞ்சாச்சு. என் ரூமுக்கு வாங்க."

கரண்டு வைப்பாவ, படுத்துத் தூங்கலாம்னு போனேன். அங்கன பாத்தா, வாதம் வந்த வாத்தியார் சட்டைப் பித்தான் போடப் பழகுதாரு. போலியோ வந்த பிள்ள கம்பியப் பிடிச்சு நிக்கி. தையல்கார ஆபிதா பீவி கழுத்தத் திருப்புதா. எனக்குக் கொஞ்சம் ஒத்தடம் குடுத்துட்டு, சுவத்துல வெரல வச்சு பல்லி மாதிரி ஏத்தச் சொன்னாவ. பெறவு உத்தரத்துல தொங்குத கெணத்து ராட்டுல கயித்தப் போட்டு, நல்ல கையால நோவுத கையத் தூக்கணும். நான் கத்துன கத்துல தாமிரவருணி மீனெல்லாம் கடலுக்கு ஓடியிருக்கும். அந்தம்மா அசரல. உவரிக் கடல்ல அவுக அப்பா மீன் வல இழுத்து முதுகு பிடிச்சு நிமிராமலே கெடந்தாராம். பாக்க ஆளில்லன்னுதான் இவுக இந்தப் படிப்பு படிச்சாவளாம்.

ஆனா வீட்டுக்குப் போனா அன்னத்தாய் பழையபடி ஊட்டுவா. கை ஏறவே இல்ல. தை நெருங்குது. டாக்டரம்மா வீட்டுக்கே வந்துட்டாவ.

"அக்கா, நீங்க பாசத்துல கட்டிப் போட்டுட்டீய. இனி பசிச்சா அவரே எடுத்துத் திங்கட்டும்."

அன்னத்தாய் ஒரு பாட்டம் அழுதா. அழுது முடிச்சு சோத்துச் சட்டியத் தூக்கி மேல் தட்டுல வச்சுட்டா. கொலகாரி. வலது கையால எட்டி எடுத்தாத்தான் சோறுன்னுட்டா. பசியில அந்தக் கை பைய பைய ஏறுச்சுவே.

தை பொறந்து புது மாஸ்டர் பையோட வந்து நின்னான். நான் ஆத்துனேன். ஒரு முழந்தான் ஏறுச்சு. அதுல பாதி அண்ணாச்சி வேட்டியில. மிச்சத்த வலது கையால டாக்டரம்மாகிட்ட நீட்டுனேன். கிளாசு கெடந்து ஆடுது. வாங்கிக் குடிச்சாவ.

அண்ணாச்சி வேட்டிய உதறிக்கிட்டே அந்தப் பயகிட்ட சொன்னாவ: "ஏலே, நாங்குநேரி பஸ் நிக்கி. டீ குடிச்சிட்டு ஏறிக்கோ."

நான் டாக்டரம்மாவக் கும்பிட்டேன். ரெண்டு கையும் சேத்து.